கசங்கிய சட்டையின் விலை

கல்லூரியில் படிக்கிறார் என்ற செய்தி இன்றைய சென்னையில் ஒருவரைப் பற்றி அதிகம் எதையும் சொல்லிவிடுவதில்லை. ஒன்றிய அரசின் 2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம் 47. இந்தியச் சராசரி 28.4. மயிலாப்பூரின் பழைய வீட்டு வாசல்களில் பெயருக்குப் பின்னால் பி.ஏ., பி.எல். என்று எழுதிய பலகை தொங்கிய காலம் ஒன்று இருந்தது. அந்த இரண்டெழுத்தைப் பார்த்தவுடன் வீட்டுக்குள் என்ன பேசுவார்கள், என்ன சாப்பிடுவார்கள், யாருக்குப் பெண் கொடுப்பார்கள் என்பது வரை தெருவுக்குத் தெரிந்துவிடும். பட்டம் பாதிப் பேருக்குக் கிடைக்கும் பொருளாகிவிட்ட பிறகு, ஆளை அடையாளம் சொல்லும் அந்த வேலை வேறு பொருள்களின் தலையில் விழுந்திருக்கிறது: செருப்பு, கைபேசி, காபி குடிக்கும் இடம், இறங்கும் பஸ் நிறுத்தம். மாணவர்களின் செலவைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதைப் பகட்டு என்ற ஒரே தீர்ப்பில் முடித்துவிடுகிறார்கள். உறுத்துவது அந்தத் தீர்ப்பின் சுலபம்தான். ராதாகிருஷ்ணன் சாலையிலோ நந்தனத்திலோ ஒரு கல்லூரி வாசலில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தால், காட்டிக்கொள்வதற்காக வாங்கிய பொருள்களைவிட மறைத்துக்கொள்வதற்காக வாங்கிய பொருள்களே அதிகமோ என்ற சந்தேகம் எழும்.

கண்ணில் முதலில் படுவது உடை. ஆனால் இன்று அதுதான் மிகக் குறைவாகச் சொல்கிறது. பாண்டி பஜாரில் முந்நூறு ரூபாய்க்கு எடுத்த குர்த்தியும் மாலில் இரண்டாயிரம் கொடுத்து எடுத்த குர்த்தியும் பத்தடி தூரத்தில் ஒன்றுதான்; தையலைத் திருப்பிப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும், தோழியின் தையலை யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை. டாடா குழுமம் 2016இல் தொடங்கிய ஜூடியோ போன்ற மலிவுக் கடைகளில் அரசுக் கல்லூரி மாணவியும் நுங்கம்பாக்கத்துச் சுயநிதிக் கல்லூரி மாணவியும் ஒரே கம்பியில் தொங்கும் சட்டைகளைத்தான் தள்ளித் தள்ளிப் பார்க்கிறார்கள். அண்ணா பல்கலைக்கழகம் 2005இல் ஜீன்ஸ், டி-ஷர்ட், கையில்லா மேலாடைகளுக்கு வளாகத்தில் தடை போட்டபோது பேச்செல்லாம் ஒழுக்கத்தையும் பண்பாட்டையும் பற்றியே இருந்தது. உடைக் கட்டுப்பாட்டால் ஏழைப் பிள்ளைகளுக்குச் சமத்துவம் வரும் என்று வாதிட்டவர்களும் உண்டு. பார்க்கப்போனால் அந்தச் சமத்துவத்தைக் கொண்டுவந்தது ஜீன்ஸ்தான். கதர், கைத்தறி, பாலியஸ்டர் என்று தூரத்திலிருந்தே தரம் பிரித்துக் காட்டிய துணிகளின் இடத்தில் அது வந்து உட்கார்ந்ததும், இடுப்புக்குக் கீழே எல்லாரும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டார்கள். ஆனாலும் வேறுபாடு ஒழியவில்லை, இடம் மாறிக்கொண்டது. அரசுக் கல்லூரிக்குள் நுழையும் முதல் தலைமுறை மாணவரின் சட்டை பெரும்பாலும் இஸ்திரி போட்டிருக்கும்; முழுக்கைச் சட்டையை முழங்கை வரை ஒரே அளவாக மடித்திருப்பார்; காலணி துடைத்திருக்கும். ஐஐடி வளாகத்தில் ஹவாய்ச் செருப்பும் அரைக்கால் சட்டையும், மூன்று வருடத்துக்கு முந்தைய விழா ஒன்றில் இனாமாகக் கொடுத்த டி-ஷர்ட்டும் போதும். அதே செருப்பை மாட்டிக்கொண்டு நந்தனம் அரசுக் கல்லூரி மாணவர் வந்தால் வாசலில் இருக்கும் காவலாளியே ஒரு வார்த்தை கேட்பார். கசங்கிய சட்டை ஓர் உடம்பில் அலட்சியமாகத் தெரிகிறது, இன்னோர் உடம்பில் இல்லாமையாகத் தெரிகிறது. அலட்சியமாக இருக்க முடிவதுதான் இந்த நகரத்தில் அதிக விலை உள்ள சரக்கு. எந்தத் தவணைத் திட்டத்திலும் அது கிடைப்பதில்லை. மணிகண்டன் இயக்கி 2015இல் வெளிவந்த 'காக்கா முட்டை'யில் பீட்சா தின்ன ஆசைப்படும் சேரிச் சிறுவர்கள் புதுச்சட்டை போட்டால் உள்ளே விட்டுவிடுவார்கள் என்று நம்புகிறார்கள். புதுச்சட்டையோடு போன பிறகும் அடிதான் விழுகிறது. கல்லூரி வயதில் அந்த அடி கன்னத்தில் விழுவதில்லை, அவ்வளவே மாற்றம்.

கைபேசியின் கதை வேறு. இதில்தான் பெற்றோரும் ஆசிரியரும் பத்திரிகைகளும் பிள்ளைகளை அதிகம் கடிந்துகொள்கிறார்கள்: மாதம் பதினைந்தாயிரம் சம்பாதிக்கும் வீட்டில் தவணைக்கு ஐஃபோன் எதற்கு? கேள்வி நியாயமானதுதான். தவணை கட்டத் தவறினால் வரும் மிரட்டல் தொலைபேசி அழைப்புகள் பையனுக்கு வருவதில்லை, அப்பாவுக்கு வருகின்றன. ரிச்சி தெருவிலும் பர்மா பஜாரிலும் யாரோ பயன்படுத்தி விட்ட ஐஃபோனைப் பேரம் பேசி வாங்கி, பின்மூடியில் கீறல் தெரியாமலிருக்க உறை போட்டு, ஆப்பிள் சின்னம் மட்டும் தெரிகிற மாதிரி அந்த உறையில் வட்ட ஓட்டை இருக்கிறதா என்று பார்த்து எடுக்கிற பையனிடம் கொஞ்சம் பகட்டும் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அவன் வீட்டையும் பார்க்க வேண்டும். பட்டினப்பாக்கத்திலோ சைதாப்பேட்டையிலோ பழைய குடிசை மாற்று வாரியக் குடியிருப்பின் ஒற்றை அறையில் ஐந்து பேர். அவனுக்கென்று கட்டில் கிடையாது, மேசை கிடையாது, பூட்டிவைக்க ஓர் அலமாரித் தட்டுகூடக் கிடையாது. தனக்கே தனக்கு என்று சொல்ல அவனிடம் இருக்கிற ஒரே பொருள் கைபேசிதான். தொலைக்காட்சி அலறுகிற அந்த அறையில் காதில் இயர்ஃபோனைச் செருகிக்கொள்வது கதவைச் சாத்திக்கொள்வதைப் போன்றது. ஆழ்வார்ப்பேட்டைப் பையனுக்கு அறை இருக்கிறது, அதனால் கைபேசி அவனுக்கு வெறும் கைபேசி. விலையை மட்டும் பார்த்து இரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்தால் கணக்கு தப்பாகத்தான் வரும். 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் இந்த இடத்தில் விசித்திரமான ஒரு வேலை செய்தது. அரசுப் பள்ளியிலிருந்து வந்தவரின் கையில் முதன்முறையாகக் கணினியைக் கொடுத்தது. அதே கையோடு, அவர் எந்தப் பள்ளியிலிருந்து வந்தவர் என்பதையும் மூடியின் மேல் முத்திரையாக அடித்துக் கொடுத்தது. அந்த முத்திரையின் மேல் கிரிக்கெட் அணியின் சின்னத்தையோ நடிகரின் படத்தையோ ஒட்டிக்கொண்டு வந்தவர்கள் பலர். முத்திரை தெரியத் தெரியவே நூலகத்து மேசையில் வைத்துப் படித்தவர்களும் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். 2025-26 நிதிநிலை அறிக்கையில் கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் மடிக்கணினி அல்லது கைக்கணினி என்று அறிவிப்பு வந்தபோது, என்ன கம்பெனி, எவ்வளவு ராம் என்ற விசாரணைதான் மாணவர்களிடம் முதலில் எழுந்தது. தானத்தைத் தானமாக வாங்கிக்கொள்ளாமல் பொருளாகப் பார்த்து விசாரிக்கிற அந்தப் பழக்கத்தை நுகர்வோர் மனப்பான்மை என்று குறை சொல்வதா, தன்மானம் என்று கொள்வதா என்பது எளிதில் தீராத வழக்கு.

பொருள்களுக்கு முன்பே வர்க்கத்தைப் பிரித்துவைக்கும் ஏற்பாடு ஒன்று இந்நகரத்துக் கல்லூரிகளில் இருக்கிறது. அதன் பெயர் ஷிப்ட். அரசு உதவிபெறும் பெரிய கல்லூரிகள் பலவற்றில் காலையில் முதல் ஷிப்ட் நடக்கும். ஆசிரியர் சம்பளத்தை அரசு தருவதால் கட்டணம் குறைவு. தமிழ், வரலாறு, பொருளாதாரம், கணிதம், தாவரவியல் போன்ற பழைய துறைகள் இதில் வரும். பிற்பகலில் நடக்கும் இரண்டாம் ஷிப்ட் சுயநிதி. வணிகவியலின் புதுக் கிளைகள், கணினிப் பயன்பாடு, காட்சித் தொடர்பியல் எல்லாம் அங்கே. கட்டணம் பல மடங்கு. அதே கட்டடம், அதே பெஞ்சு, அதே கரும்பலகை. மதியம் ஒரு மணி வாக்கில் வாசலில் இரண்டு கூட்டம் ஒன்றையொன்று கடந்து போகும். வெளியேறுகிறவர்கள் பஸ் நிறுத்தத்துக்கோ பறக்கும் ரயில் நிலையத்துக்கோ நடக்கிறார்கள், வருகிறவர்கள் ஸ்கூட்டரிலும் ஆட்டோவிலும் வந்து இறங்குகிறார்கள் என்று எழுதினால் சித்திரம் அழகாக அமையும். உண்மை அந்த அளவுக்கு ஒத்துழைப்பதில்லை. உதவிபெறும் பி.காம். இடத்துக்குப் போட்டி கடுமை. அந்த இடங்களைப் பிடிக்கும் மதிப்பெண் நல்ல மெட்ரிக் பள்ளிகளிலிருந்தும் டியூஷன்களிலிருந்தும் வருகிறது. மலிவான இருக்கை வசதியான வீட்டுப் பிள்ளைக்கும், அது கிடைக்காமல் கடன் வாங்கிக் கட்டும் சுயநிதி இருக்கை ஆட்டோ ஓட்டுநரின் மகளுக்கும் போய்ச் சேர்வது அரிதில்லை. பையில் கேமராவோடு திரியும் காட்சித் தொடர்பியல் மாணவரின் பின்னால் அடகுக் கடைச் சீட்டு ஒன்று இருக்கலாம். ஷிப்ட் என்ற ஏற்பாடு வர்க்கத்தைச் சரியாகப் பிரிப்பதில்லை. ஆனாலும் பிரித்துவிட்டதாக எல்லாரும் நம்புகிறார்கள், நம்பிக்கைக்கு ஏற்றபடி உடுத்திக்கொண்டும் வருகிறார்கள். சுயநிதிப் பிரிவில் சேர்ந்த கணத்திலிருந்து அந்த ஓட்டுநரின் மகள் தன் கட்டணத்துக்குப் பொருத்தமான ஆளாகத் தெரிந்தாக வேண்டும். அதற்கு ஆகும் செலவை எந்த ரசீதும் காட்டாது.

கல்லூரியின் முதல் வாரத்தில் பெயருக்கு அடுத்தபடியாகக் கேட்கப்படும் கேள்வி, எந்த ஏரியா என்பது. நேரடியாகச் சாதியைக் கேட்பது நாகரிகமில்லை என்று கற்றுக்கொண்ட நகரம் அந்த விசாரணையைப் பின்கோடிடம் ஒப்படைத்துவிட்டது. மந்தைவெளி, மயிலாப்பூர், அடையாறு காந்தி நகர் என்று சொல்கிறவர்களுக்குப் பதில் சொல்லத் தயக்கம் கிடையாது. எல்லாருக்கும் அப்படி இல்லை. அடையாறு, கூவம் கரைகளிலும் நகரத்தின் நடுப்பகுதிக் குடிசைகளிலும் இருந்த குடும்பங்களை 2000 முதல் கொண்டுபோய்க் குடிவைத்த கண்ணகி நகரில் பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் இருக்கின்றன. 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றங்கரைகளிலிருந்து பெரும்பாக்கத்துக்கும் அதேபோல் ஆட்களை ஏற்றிப்போனார்கள். தாத்தா வாழ்ந்த மயிலாப்பூருக்கு இன்று பேரன் படிக்க வருவதற்கு ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் நிற்க வேண்டும். கண்ணகி நகர் என்று முகவரியைச் சொன்னால் வேலை கிடைப்பதில்லை என்பது அங்குள்ளவர்கள் ஆண்டுக்கணக்கில் சொல்லிவரும் குறை. அதனால் மாணவர் 'தொரைப்பாக்கம்' என்கிறார். இன்னும் கொஞ்சம் விவரமானவர் 'ஓ.எம்.ஆர்.' என்கிறார். கணினி நிறுவனங்களின் கண்ணாடிச் சுவர் வெளிச்சம் அந்த மூன்றெழுத்தில் இருக்கிறது. நண்பர்கள் வண்டியில் கொண்டுவந்து விடுகிறேன் என்றால் முதன்மைச் சாலையிலேயே இறங்கிக்கொள்கிறார். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் இந்திய மகளிர் கபடி அணி தங்கம் வென்றபோது, அணியின் துணைத் தலைவரை நாடே கண்ணகி நகர் கார்த்திகா என்று அழைத்தது. ஊரின் பெயரைத் தன் பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்ள ஓர் ஆசியத் தங்கம் தேவைப்பட்டிருக்கிறது. மற்றவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. அதே ஆண்டு ஜூலையில் ஆதிதிராவிடர், பிற்படுத்தப்பட்டோர் என்று பெயர் தாங்கிய அரசு மாணவர் விடுதிகளை எல்லாம் 'சமூகநீதி விடுதி' என்ற பொதுப்பெயருக்குள் கொண்டுவந்தது தமிழ்நாடு அரசு. விண்ணப்பப் படிவத்தில் விடுதியின் பெயரை எழுதும்போது ஒரு கணம் நின்றுபோகும் பேனாவுக்கு அது கொஞ்சம் உதவும். தண்ணீர் வராத குளியலறைக்கு உதவாது.

சாப்பாட்டுக்கு வந்தால் விஷயம் இன்னும் நுட்பமாகிறது. கதீட்ரல் சாலையில் 1962 முதல் 2008 வரை நடந்த உட்லண்ட்ஸ் டிரைவ்-இன்னைப் பற்றி ஒரு தலைமுறையே உருகி எழுதியிருக்கிறது: ஒரு காபியை வாங்கி வைத்துக்கொண்டு மரத்தடியில் மணிக்கணக்கில் இலக்கியம், சினிமா, காதல். அது எல்லாருக்கும் திறந்திருந்த இடம் என்பது அந்த நினைவுகளில் தவறாமல் வரும் வாக்கியம். அந்த எல்லாரும் யார் என்று கேட்கத் தோன்றுகிறது. திருவல்லிக்கேணி மேன்ஷன் அறைகளில் நான்கு பேராக முடங்கிக்கொண்டு, மெஸ்ஸில் டோக்கன் வாங்கி வரிசையில் நின்று சாப்பிட்டவர்களின் நினைவுகளில் டிரைவ்-இன் அவ்வளவாக வருவதில்லை. அந்த இடத்தில் 2010 முதல் செம்மொழிப் பூங்கா இருக்கிறது. காபிக்கு வேறு இடங்கள் வந்துவிட்டன. ஒரு கோப்பைக்கு முந்நூறு ரூபாய் வாங்கும் இன்றைய கஃபேயில் விலை காபிக்கு இல்லை, நாற்காலிக்கும் குளிருக்கும் சார்ஜர் செருக ஒரு பிளக்குக்கும்தான். அங்கே முதன்முறையாகப் போகும் மாணவியைக் கவனித்தால் பட்டியல் அட்டையில் அவள் கண் வலது ஓரத்திலேயே மேலும் கீழும் போய்வரும். பிறகு தோழி எதைச் சொல்கிறாளோ, 'எனக்கும் அதே.' உச்சரிப்பில் தடுக்கி விழாமலிருக்க அது பாதுகாப்பான வழி. மெய்யான சோதனை பில் வரும்போது. ஆறு பேர், இரண்டாயிரத்து நானூறு ரூபாய். 'ஆளுக்கு நானூறு, ஜிபே பண்ணிடுங்கடி.' நூற்றிருபது ரூபாய் லைம் சோடா மட்டும் குடித்தவளும் நானூறுதான் அனுப்புகிறாள். ஏமாற்றியவர் யாரும் இல்லை, கஞ்சத்தனம் காட்டியவரும் இல்லை. சமமாகப் பிரிப்பதுதான் நட்பு என்று எல்லாரும் மனதார நம்புகிறார்கள். சட்டைப்பையில் சில்லறையைத் தடவிப் பார்த்த காலத்தில் நண்பர்களில் ஒருவருக்காவது நிலைமை புரிந்திருக்கும். 2016இல் வந்த யுபிஐ அந்தத் தடவலையும் கண்ணிலிருந்து மறைத்துவிட்டது. அடுத்த முறை அவள் 'சாப்ட்டுட்டுதான் வந்தேன்' என்பாள், அதற்கடுத்த முறை வரமாட்டாள். வீட்டிலிருந்து கொண்டுவரும் டப்பாவின் கதைக்குள் பணத்தோடு சாதியும் வந்துவிடும். முட்டையோ கருவாடோ இருந்தால் டப்பாவைத் திறக்க இடம் பார்க்க வேண்டும். ஐஐடி உணவகம் ஒன்றில் 2018 டிசம்பரில் சைவம் சாப்பிடுபவர்களுக்கும் அசைவம் சாப்பிடுபவர்களுக்கும் தனி வாசல், தனிக் கைகழுவும் இடம் என்று தாள் ஒட்டப்பட்டு, எதிர்ப்பு கிளம்பிய பின் கிழிக்கப்பட்டது. பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் போர்தியூ 1979இல் எழுதிய பெரும் நூலில் ஒருவரின் ருசி அவருடைய வர்க்கத்திலிருந்து உருவாகிறது என்று விரிவாகக் காட்டியிருக்கிறார். மயிலாப்பூரில் 'வெஜிடேரியன் ஒன்லி' என்று தொங்கும் வாடகைப் பலகைகளை அவர் பார்த்திருந்தால் புத்தகம் இன்னும் தடித்திருக்கும்.

வாங்கும் பொருளால் தன்னைச் சொல்லிக்கொள்ள முடியாதவர்கள் வேறு எதையாவது கொண்டு சொல்லிக்கொள்கிறார்கள். மாநிலக் கல்லூரி, நந்தனம், பச்சையப்பன் கல்லூரிகளின் மாணவர்களில் ஒரு பகுதியினருக்கு அது பஸ் எண். அரசுக் கல்லூரி மாணவருக்குப் பயண அட்டை இலவசம். திருவள்ளூர், அரக்கோணம், கும்மிடிப்பூண்டி பக்கங்களிலிருந்து வருபவர்களுக்குப் புறநகர் ரயில். அந்தத் தடமே அவர்களுக்குக் குலமும் கோத்திரமும். ஒவ்வொரு தடத்துக்கும் ஒரு 'ரூட்டு தல', அவருக்கென்று கானா, பஸ் கூரையில் தட்டும் தாளம். கையில் காசு இல்லாதபோதும் இளமைக்கு ஒரு கெத்து வேண்டியிருக்கிறது, அது ஓடுகிற பஸ்ஸின் படிக்கட்டில் கிடைக்கிறது. இதை வீரமாகப் பாடுகிற சினிமாவும் ரவுடித்தனம் என்று ஒதுக்குகிற செய்தித்தாளும் ஒரே அளவுக்குத்தான் புரிந்துகொண்டிருக்கின்றன. 2019 ஜூனில் பஸ் தினக் கொண்டாட்டத்தில் கூரையிலிருந்து மாணவர்கள் கொத்தாகச் சரிந்து விழுந்தார்கள்; அடுத்த மாதம் அரும்பாக்கத்தில் பட்டாக்கத்திகள் வெளியே வந்தன. 2024 அக்டோபரில் சென்ட்ரல் ரயில் நிலையத்தருகே தாக்கப்பட்ட மாநிலக் கல்லூரி மாணவர் ஒருவர் சில நாளில் இறந்துபோனார். படிக்கவந்த ஒரு பிள்ளையை, அதேபோல் படிக்கவந்த இன்னொரு பிள்ளைக் கூட்டம் ரயில் தடத்தின் பெயரால் கொன்றது. கஃபேயில் உட்காரும் அடையாளத்துக்கு ஆகும் செலவு நானூறு ரூபாய் என்றால், இந்த அடையாளத்துக்கு ஆகும் செலவைக் கணக்குப் போட மனம் கூசுகிறது.

எதுவும் வாங்காமல் இளைஞர்கள் ஒன்றாக உட்கார இந்நகரத்தில் மிச்சமிருக்கும் இடம் கடற்கரை. பெசன்ட் நகரில் அதன் ஓரத்தையும் கடைகள் பிடித்துக்கொண்டன. மெரினாவில் 2017 ஜனவரி 17 முதல் 23 வரை ஜல்லிக்கட்டுக்காகக் கூடிய கூட்டத்தில் ஷிப்ட் பேதம், ஏரியா பேதம் எல்லாம் கரைந்துபோனதாக அன்று எழுதாதவர் இல்லை. பிரியாணிப் பொட்டலமும் தண்ணீர் பாட்டிலும் கை மாறிக்கொண்டே இருந்தது உண்மை. கடைசி நாளில் காவல்துறை கலைத்தபோது ஓடிய மாணவர்களுக்கு அருகிலிருந்த மீனவக் குப்பங்கள் இடம் கொடுத்தன. அதற்குப் பரிசாக நடுக்குப்பத்தின் மீன் சந்தை எரிந்தது. மாணவர்கள் மறுநாள் வீட்டுக்குப் போனார்கள், கைபேசியில் அந்த ஒரு வாரத்தின் படங்களோடு. எரிந்த சந்தை நடுக்குப்பத்தாரிடமே இருந்தது.

தியாகராய நகரில் நுகர்வைப் பற்றிய இந்தப் பேச்செல்லாம் வேறு கோணத்தில் தெரியும். ரங்கநாதன் தெருவிலும் உஸ்மான் சாலையிலும் துணியைப் பிரித்து விரித்துக் காட்டும் பெண்ணுக்கும், வேண்டாம் என்று அடுத்ததைக் கேட்கும் பெண்ணுக்கும் வயது ஒன்றுதான். ஒருத்தி தென் மாவட்டத்திலிருந்து ஏஜென்டோடு வந்து கடையின் விடுதியில் தங்கியிருக்கிறாள். இன்னொருத்தி கல்லூரி முடிந்து மாம்பலத்தில் ரயில் இறங்கி, 2023இல் திறந்த ஆகாய நடைபாதை வழியாக வந்திருக்கிறாள். வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' 2010இல் வந்த பிறகுதான் அந்த முதலாமவள் பலர் கண்ணில் பட்டாள். கடை ஊழியர்கள் வேலை நேரத்தில் உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டம் திருத்தப்பட்டது 2021இல். உட்காரும் உரிமையைக்கூடச் சட்டம் எழுதித்தர வேண்டியிருந்தது என்பதே பலருக்குத் தெரியாது. இருவருக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு கூட்டம் வளர்ந்திருக்கிறது: பகலில் மாணவர், மாலையில் ஊழியர். கல்யாண மண்டபங்களில் கேட்டரிங் சர்வீஸுக்குப் போகிறவர்கள், வண்டி இருந்தால் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோகிறவர்கள். முகூர்த்த நாளில் கறுப்புப் பேன்ட்டும் வெள்ளைச் சட்டையும் போட்டுக்கொண்டு பந்தி பரிமாறும்போது எதிரே இலையில் கூடப் படிக்கும் தோழர் உட்கார்ந்திருக்கும் சங்கடம் அவர்களில் பலருக்கு நேர்ந்திருக்கும். பரிமாறுகிறவர் பாயச வாளியை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு வேறு வரிசைக்கு மாறிக்கொள்வார். சாப்பிடுகிறவர் பார்க்காததுபோல் இலையைப் பார்ப்பார். இரண்டு பேருமே நல்லவர்கள். திங்கட்கிழமை அதைப் பற்றிப் பேசமாட்டார்கள். அந்த இரவின் கூலியில் வாங்கிய ஷூவைப் பார்த்துத்தான், இந்தக் காலத்துப் பசங்களுக்குக் காசின் அருமை தெரிவதில்லை என்று யாராவது சொல்வார்கள்.

அரசு இந்தச் செலவில் கொஞ்சம் பங்கெடுத்திருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வரும் பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் முதலும், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்ட் முதலும் மாதம் ஆயிரம் ரூபாய் தருகின்றன. அந்த ஆயிரத்தை ரீசார்ஜுக்கும் ஃபேன்ஸிக் கடைக்கும் செலவழிக்கிறார்கள் என்ற புகார் உடனே கிளம்பியது. பாடக்குறிப்பு, தேர்வு அறிவிப்பு, கட்டண ரசீது எல்லாம் கைபேசிக்கு வந்துவிட்ட பிறகு ரீசார்ஜ் கல்விச் செலவுதான். ஃபேன்ஸிக் கடையின் ஒரு ஜோடிக் கம்மலும் அப்படித்தான் என்று வாதிட இடமுண்டு, ஏனென்றால் கல்லூரியே அந்தக் கம்மலைக் கேட்கிறது. ஓணத்துக்குச் செட் புடவை, பொங்கலுக்குப் பாவாடை தாவணி, 'எத்னிக் டே'க்குப் பட்டு, துறைக்கென்று அச்சடித்த டி-ஷர்ட், பிரிவு விழாவுக்கு எல்லாரும் ஒரே நிறத்தில் புடவை, மூன்றாம் ஆண்டில் கொச்சிக்கோ கோவாவுக்கோ 'ஐ.வி.' என்ற தொழிற்கூடச் சுற்றுலா. எதற்கும் கட்டாயமில்லை என்ற ஒரு வரி சுற்றறிக்கையின் அடியில் இருக்கும். அம்மாவிடம் பட்டுப்புடவை இருக்கிற பெண் பீரோவைத் திறக்கிறாள்; அம்மா வீட்டுவேலைக்குப் போகிற பெண், அம்மா வேலை செய்யும் வீட்டில் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டு வருகிறாள், அல்லது அன்றைக்குக் காய்ச்சலில் படுத்துவிடுகிறாள். ஐ.வி.க்குப் பெயர் கொடுக்காதவர்களைக் கேட்டால் ஏறக்குறைய எல்லாரும் ஒரே பதிலைச் சொல்கிறார்கள்: 'எங்க வீட்ல விடமாட்டாங்க.' பணமில்லாத அப்பாவைக் கண்டிப்பான அப்பாவாக மாற்றிக் காட்டும் அந்தப் பொய்யை வகுப்பு முழுவதும் மரியாதையாக நம்புகிறது. ஆசிரியர்களும் நம்புகிறார்கள். சேர்க்கையின்போது கொடுக்கும் கட்டணப் பட்டியலில் படிப்புக் கட்டணம், தேர்வுக் கட்டணம், நூலகக் கட்டணம் இருக்கின்றன. மூன்று ஆண்டுகளில் புடவைக்கும் டி-ஷர்ட்டுக்கும் ஐ.வி.க்கும் ஆகப்போகும் தொகை இல்லை. அதையும் முதல் நாளிலேயே அச்சடித்துக் கையில் கொடுப்பதும், முடியாதவர்களுக்குக் கல்லூரியே ஏற்றுக்கொள்வதும் எந்த நிர்வாகத்தாலும் செய்யக்கூடிய காரியம். அதைச் செய்யாத கல்லூரிக்கு மாணவர்களின் ஆடம்பரத்தைப் பற்றிப் பேசும் யோக்கியதை கிடையாது.